கோட்டுக்குக் கீழே ஒரு குச்சி

ஒரு நீளக் கோடு. அதன் கீழே தொங்கும் சின்னச் சின்னக் குச்சிகள். நடுநடுவே சில குச்சிகள் மட்டும் கோட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். கோட்டை ஒட்டி இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆங்கில எழுத்துகள். சட்டென்று பார்த்தால் அந்தக் காலத்துப் பால்காரர் நம் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் கிழித்து வைத்த கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் இது 1674-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சரகோசா நகரில், காஸ்பர் சான்ஸ் என்பவர் வெளியிட்ட கிட்டார் போதினியில் வருகிற எழுத்துமுறை. மூன்று மாதமாக என் மேசையில் கிடப்பது அந்தப் புத்தகத்தின் நகல்தான்.

கீழே தொங்கும் குச்சி என்றால், கையைத் தரையை நோக்கி இறக்கி எல்லாக் கம்பிகளையும் ஒருசேரத் தட்ட வேண்டும். மேலே நிற்கும் குச்சி என்றால், கையை முகத்தை நோக்கி ஏற்ற வேண்டும். ஸ்பெயின்காரர்கள் இதற்கு ரஸ்கேயாதோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் ஸ்ட்ரம்மிங் என்போமே, அதன் தாத்தா. விதி இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு நடனத்தை உயிரோடு வாசிப்பதற்கு மூன்று மாதம் போதவில்லை எனக்கு.

இந்த வயதில் இது எதற்கு என்று காலை நடையில் கூட வருபவர்கள் கேட்கிறார்கள். காரணம் என் வலது கை.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு மூத்த ஓர் ஆங்கிலோ இந்தியர்தான் கிட்டாரைக் கையில் கொடுத்தார். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்தால் இரவு பத்து மணி வரை போகும். ஓய்வு பெற்ற பிறகு முறையாக கிளாசிக்கல் கிட்டார் படித்தேன். நகம் வளர்த்து, ஒவ்வொரு விரலும் தனித்தனிக் கம்பியைக் கிள்ளி எடுக்கும் வாசிப்பு. அறுபத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் சாம்பார்க் கரண்டி இலைக்கு வருவதற்குள் பாதி காலி. கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆயிற்று. டாக்டர் கையை மடியில் வைக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார். "சும்மா இருக்கும்போது நடுங்கலை, வேலை செய்யும்போதுதான் நடுங்குது. நீங்க பயப்படுற வியாதி இல்லை சார்" என்றார். நிம்மதிதான். ஆனால் நாலாவது கம்பியைக் கிள்ளப் போன விரல் மூன்றாவதில் போய் விழும்போது அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எதிர்வீட்டுப் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். கிட்டார் ஆசை உள்ளவன். அவனிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, உறையைத் துடைத்துக்கூட வைத்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் மகன் வழியாக இந்தப் புத்தகத்தின் நகல் வந்தது. நுணுக்கமாகக் குறி பார்க்கும் வேலைக்குத்தான் என் கை உதவாது. மணிக்கட்டை வீசித் தட்டும் வேலைக்கு இன்னும் உதவும். அதற்கென்றே எழுதப்பட்ட இசை நானூறு ஆண்டுகளாக இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

தட்டி வாசிப்பது அந்தக் காலத்திலும் மட்டமாகத்தான் பார்க்கப்பட்டது. 1611-ல் அகராதி எழுதிய கோவர்ருபியாஸ் என்ற ஸ்பானிய அறிஞருக்கு கிட்டார் மேல் தீராத கோபம். விஹுவேலா என்ற உயர்ந்த வாத்தியத்தை இது ஒழித்துவிட்டது; இது மாட்டுக் கழுத்து மணிக்குச் சமம்; தட்டுவது அவ்வளவு சுலபம் என்பதால் குதிரை லாயத்துப் பையன்கூட இன்று கிட்டார் வித்வான் என்று பொருள்பட எழுதி வைத்திருக்கிறார். லண்டனில் டைரி எழுதிய சாமுவேல் பீப்ஸ் 1667-ல் ஒரு பெரிய வித்வானின் வாசிப்பைக் கேட்டு மெச்சிவிட்டு, இப்படி ஒரு மோசமான வாத்தியத்துக்கா இத்தனை உழைப்பு என்று வருத்தப்படுகிறார். எனக்கென்னவோ லாயத்துப் பையன் கட்சிதான் பிடித்திருக்கிறது.

அந்தப் பையனுக்காகத்தான் இந்த எழுத்துமுறையே பிறந்தது. அக்காலக் கிட்டாரில் ஆறு கம்பி கிடையாது. ஐந்து வரிசை, பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஜோடிக் கம்பி, முதல் வரிசை மட்டும் பலவற்றில் ஒற்றை. சங்கீதம் படிக்காதவனும் பாட்டுக்குக் கூட வாசிக்க வேண்டுமென்றால் ஸ்வரம் எழுதிப் பயனில்லை. ஹுவான் கார்லோஸ் அமாட் என்ற கத்தலோனிய டாக்டர் (வைத்தியம் பார்க்கிற டாக்டர்தான்) 1596-லேயே கார்டுகளுக்கு எண் கொடுத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இத்தாலிக்காரர்கள் எண்ணுக்குப் பதில் எழுத்து கொடுத்தார்கள். அதன் பெயர் அல்ஃபபேத்தோ. அரிச்சுவடி என்று சொல்லலாம்.

இன்று கிட்டார் தெரிந்தவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த அரிச்சுவடியில் ‘ஏ’ என்று போட்டிருந்தால் அது இன்றைய ஏ கார்டு அல்ல, ஜி மேஜர். ‘பி’ என்றால் சி மேஜர். ‘சி’ என்றால் டி மேஜர். ‘ஈ’ என்றால் டி மைனர். ‘ஐ’ என்றால்தான் ஏ மேஜர். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிலுவைக் குறி, அது ஈ மைனர். எழுத்துக்கும் ஸ்வரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விரல்களை இந்த மாதிரி வை என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே. ஐம்பது வருடம் பழகிய பெயர்களை மறப்பது லேசில்லை. வீட்டு எண்களை மாநகராட்சி மாற்றியபோது தபால்காரர் பட்ட பாட்டை நான் இப்போது படுகிறேன்.

ஃபோலியா என்ற பழைய நடன மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா முழுக்கச் சுற்றி வந்த மெட்டு அது. டி மைனரில் வாசித்தால் அதன் கார்டு வரிசை அரிச்சுவடியில் இப்படி வரும்: ஈ, ஐ, ஈ, பி, ஜி, பி, ஈ, ஐ. எட்டே எழுத்து. இதை வைத்துக்கொண்டு பத்து வித்வான்கள் பத்து விதமாக வாசிப்பார்கள். ஏனென்றால் எழுத்து இடது கைக்கு. வலது கைக்கு இருப்பது அந்தக் குச்சிகள் மட்டும்தான்.

குச்சியின் முதல் சிக்கல், மேல் என்றால் எது மேல் என்பது. சான்ஸ் தன் புத்தகத்தில் இத்தாலிய முறையைப் பின்பற்றுகிறார். அதில் ஐந்து கோடுகள் ஐந்து கம்பி வரிசைகளைக் குறிக்கும். மேல் கோடு ஐந்தாவது வரிசை, அதாவது வாசிப்பவர் மடியில் கிட்டாரை வைத்திருக்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது. தாளும் கையும் ஒத்துப்போகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் தலைகீழ். அவர்கள் தாளில் மேல் கோடு முதல் வரிசை. நிஜத்தில் அது தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் தட்டும் குறி மட்டும் இருவருக்கும் ஒன்றே: கீழ் நோக்கினால் கை தரைக்கு. ஆகவே பிரெஞ்சுப் புத்தகத்தில் கார்டைத் தாளின் திசையிலும், தட்டை உடம்பின் திசையிலும் படிக்க வேண்டும். பதினான்காம் லூயி மன்னருக்கு ரோபெர் த விசே என்பவர் 1682-ல் சமர்ப்பித்த புத்தகத்தை முதன்முதலில் திறந்த அன்று எனக்குத் தலை சுற்றியது. இப்போது குச்சியைப் பார்க்கும்போது தாளை மறந்துவிடுகிறேன். என் முழங்கையை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது காலம். ஒரு தட்டு எவ்வளவு நேரம்? குச்சி அதைச் சொல்லாது. ஜிரோலமோ மொந்தேசார்தோ 1606-ல் ஃப்ளாரன்ஸில் வெளியிட்ட புத்தகம்தான் அச்சில் வந்த முதல் அல்ஃபபேத்தோ தொகுப்பு. அவர் ஒரு நல்ல யோசனை செய்தார். பெரிய எழுத்து என்றால் நீண்ட தட்டு, சின்ன எழுத்து என்றால் அதில் பாதி. எழுத்து கோட்டுக்குக் கீழே இருந்தால் கீழ்த்தட்டு, மேலே இருந்தால் மேல்தட்டு. நாலு சங்கதி ஒரே குறியில். அழகான ஏற்பாடு, ஆனால் அது நிலைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த பலர் குச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள். கப்ஸ்பெர்கரின் 1610-ஆம் ஆண்டுப் பாடல் புத்தகம் போன்றவற்றில் பாட்டு வரிக்கு மேலே வெறும் எழுத்து மட்டும்தான், குச்சி கிடையாது. எந்தத் தட்டு என்பது பாடுகிறவனின் வாயைப் பார்த்து நீயே முடிவு செய்துகொள்ள வேண்டியது.

சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பட்டறையில் எங்களுக்கு வரும் பழைய வரைபடங்களில் அளவு இருக்கும், மரை இருக்கும். அரத்தை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று எந்த வரைபடமும் சொல்லாது. பிட்டருக்குத் தெரிந்ததைப் பிட்டருக்கு எழுதுவார்களா? சக்கோனாவும் சரபாந்தாவும் தெருவில் ஆடிய ஊரில், அதன் தாளத்தை எவன் எழுதி வைப்பான்? 1583-ல் சரபாந்தாவைப் பாடவே கூடாது என்று மாட்ரிட்டில் தடை போடும் அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் அது. கஷ்டம் நமக்குத்தான். பிட்டர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு வரைபடம் கிடைத்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீணை டீச்சர் இருக்கிறார். அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இதுல என்ன சார் ஆச்சரியம்? எங்க புத்தகத்துலயும் ஸ்வரம்தானே இருக்கு, கமகம் எங்க இருக்கு?" என்றார். அவர் வீட்டில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி இருக்கிறது. 1904-ல் எட்டயபுரத்தில் அச்சானது. அதில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளே உண்டு. "குறி இருக்கு, ஆனா எங்க குரு வாசிச்சுக் காட்டினப்புறம்தான் அந்தக் குறி எனக்குப் புரிஞ்சுது" என்றார். சான்ஸுக்கு குரு இருந்தார். அவர் இத்தாலிக்குப் போய்ப் படித்து வந்தவர். நமக்கு சான்ஸ் மட்டும்தான்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது கம்பி. இன்றைய கிட்டாரில் மேலிருந்து கீழே தட்டினால் கனத்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பியில் முடியும். ‘டும்ம்-ஜிங்’ என்று கேட்கும். கீழிருந்து ஏற்றினால் ‘ஜிங்-டும்ம்’. இரண்டுக்கும் வேறுபாடு காது கேளாதவருக்கும் தெரியும். ஆனால் ரோம் நகரத்து வித்வான்கள் நாலாவது, ஐந்தாவது வரிசைகளிலும் மெல்லிய கம்பியே கட்டுவார்கள் என்று சான்ஸ் எழுதுகிறார். அப்போது அந்த இரண்டு வரிசைகளும் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். எல்லாவற்றிலும் தாழ்ந்த ஒலி நடுவில் இருக்கும் மூன்றாவது வரிசைக்கு வந்துவிடும். ஸ்பெயினில் கனத்த கம்பியும் சேர்த்துக் கட்டுவது உண்டு. சத்தமாக வாசிக்க அதுவே நல்லது, நுணுக்கமாகக் கிள்ளி வாசிக்க ரோம் வழிதான் நல்லது என்று இரண்டு பக்கமும் நியாயம் சொல்லிவிட்டுப் போகிறார் மனிதர்.

நான் பரிசோதித்துப் பார்த்தேன். என் சாதாரண நைலான் கம்பிக் கிட்டாரில் ஆறாவது கம்பியைக் கழற்றினேன். ஐந்தாவது இடத்தில் ஒரு இரண்டாம் கம்பியைக் கட்டி ஏ-க்கு இறக்கினேன். நாலாவது இடத்தில் ஒரு முதல் கம்பியைக் கட்டி டி-க்கு இறக்கினேன். கடைக்காரர், "என்ன சார், ஒரே கம்பியா ரெண்டு ரெண்டு வாங்குறீங்க?" என்று சந்தேகமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கட்டித் தட்டியதும் என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, சலங்கை மாதிரி கேக்குது" என்றாள்.

சரியாகச் சொன்னாள். ஏற்றினாலும் இறக்கினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே சலங்கைக் கொத்துதான். டும்ம் கிடையாது. அப்படியென்றால் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று எதற்கு மெனக்கெட்டு எழுதினார்கள்? ஒலி வித்தியாசத்துக்காக மட்டும் அல்ல; கனத்துக்காக. கை தானாக விழும்போது வருகிற எடை வேறு, தூக்கும்போது வருகிற எடை வேறு. குச்சி தொங்குகிற இடம் நடனக்காரனின் கால் ஊன்றுகிற இடம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கீழே, கீழே, மேலே என்று மூன்று குச்சி வந்தால், மூன்றாவதில் கால் தரையில் இல்லை. இப்படிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் ஃபோலியா எனக்கு நகர ஆரம்பித்தது.

தட்டுகளில் வித்தைகளும் உண்டு. திரில்லோ என்பது ஆள்காட்டி விரலால் விறுவிறுவென்று கீழும் மேலும் தட்டுவது. ரெப்பிக்கோ அதைவிடச் சிக்கல். பிரான்செஸ்கோ கோர்பெத்தா சொல்லும் முறையில், முதலில் விரல்கள் கீழே, பின் கட்டைவிரல் கீழே. பிறகு அதே வரிசையில் மேலே. ஒரு தட்டின் நேரத்துக்குள் நான்கு தட்டு. இந்தக் கோர்பெத்தா இத்தாலியின் பாவியா ஊர்க்காரர். 1671-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஒரு புத்தகமும், 1674-ல் அதே பெயரில் பதினான்காம் லூயிக்கு இன்னொன்றும் சமர்ப்பித்த கெட்டிக்காரர். 1671 புத்தகத்தில் அவர் குச்சிக்குப் பதில் ஸ்வரக் குறியின் காம்பையே பயன்படுத்துகிறார். காம்பு தொங்கினால் கீழ்த்தட்டு, நின்றால் மேல்தட்டு. குறியின் வடிவத்தைப் பார்த்தால் காலமும் தெரிந்துவிடும். அதைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது எனக்கு.

அவரைப் பற்றி ஆடம் ஈபெர்ட் என்ற ஜெர்மானியப் பயணி எழுதிய ஒரு செய்தி உண்டு. இத்தாலியின் துரின் நகரத்துக்கு ஒரு விழாவுக்காக வந்த கோர்பெத்தாவுக்கு நகம் உடைந்துவிட்டதாம். வயதானவர்களுக்கு நகம் மெதுவாகத்தான் வளரும் என்பதால் அவர் வாசிக்கவே முடியாமல் போனதாம். இதைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மன்னர்களுக்குப் பாடம் சொன்னவர், கூட வாசிக்க ஆட்கள் காத்திருக்க, விரலைப் பார்த்தபடி சத்திரத்தில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது.

என் கைக்கு ரெப்பிக்கோ பாதிதான் வருகிறது. இறங்கும் இரண்டும் வருகின்றன, ஏறும்போது கட்டைவிரல் நடுங்கி இரண்டாகத் தட்டிவிடுகிறது. திரில்லோ மட்டும் ஆச்சரியமாக நன்றாக வருகிறது. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அதை வைத்து ஏற்கெனவே நிறையச் சிரித்தாகிவிட்டது.

இன்னும் தீராத சந்தேகம் ஒன்று இருக்கிறது. ஃபோஸ்காரினி என்பவர் 1630 வாக்கில் தட்டுவதையும் கிள்ளுவதையும் ஒரே வரியில் கலந்து எழுத ஆரம்பித்தார். எழுத்துக்குப் பதில் எண்களை அடுக்கி, பக்கத்தில் குச்சியைப் போடுவார்கள். அந்த அடுக்கில் சில கோடுகள் காலியாக இருக்கும். காலிக் கோட்டுக்குரிய கம்பியையும் சேர்த்துத் தட்ட வேண்டுமா, தவிர்க்க வேண்டுமா? தட்டினால் சில இடங்களில் கார்டோடு ஒட்டாத ஒரு ஸ்வரம் சேர்ந்து இடிக்கிறது. தவிர்க்க வேண்டுமென்றால், வீசுகிற கையைப் பாதியில் நிறுத்த வேண்டும்; அல்லது இடது கையின் ஒரு விரலால் அந்தக் கம்பியை லேசாகத் தொட்டு ஊமையாக்க வேண்டும். அறிஞர்கள் இதில் இரு கட்சி. போனில் எனக்கு உதவுகிற இளைஞர் ஒருவர், இடிப்பதும் அந்தக் காலத்து ருசிதான் தாத்தா, விட்டுவிடுங்கள் என்கிறார். சில இடங்களில் எனக்கும் அந்த இடி பிடிக்கிறது, பச்சை மாங்காயில் உப்பு மிளகாய் வைத்த மாதிரி. அரிச்சுவடியில் ‘எல்’ என்ற சி மைனர் கார்டிலேயே ஒட்டாத ஸ்வரம் ஒன்றைத் தெரிந்தே வைத்திருக்கிறார்களே. ஆனால் ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில், எல்லாம் அடங்க வேண்டிய இடத்தில், இடி எனக்குச் சம்மதமில்லை. அங்கே மட்டும் இடது கை நடுவிரலால் கம்பியை அணைத்துவிடுகிறேன். நல்லவேளை, இடது கை இன்னும் என் சொல்லைக் கேட்கிறது.

எதிர்வீட்டுப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை வந்து திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டான். "தாத்தா, ஆறாவது கம்பி எங்க?" என்றான். மேசை டிராயரில் இருக்கிறது என்றேன். "அப்போ கிட்டார் இப்போதைக்குக் கிடைக்காதா?" என்றான் அடுத்து. இப்போதைக்குக் கிடைக்காது, ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் குச்சி படிக்கச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் வந்தான். நேற்று டியூஷன் என்று வரவில்லை. வருகிற வாரம் ஃபோலியாவின் அடுத்த எட்டு எழுத்தை அவன் வாயால் சொல்ல, நான் தட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.